மொழி, அறிவாற்றல் குறித்த மருத்துவ ஆய்வுகள்: நெல்லைச் சீமைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பக்கவாதத்தால் பேச்சை இழந்தவர், மறதி நோயால் பேச்சு தேய்ந்து வருபவர், மனச்சிதைவு நோயால் பேச்சின் கோவை கலைந்தவர் ஆகியோரின் குடும்பத்தாரிடம் மருத்துவர், "ஓர் ஆய்வு நடக்கிறது, சேர்கிறீர்களா?" என்று கேட்கும்போது, பெரும்பாலோர் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் தலையாட்டிவிட்டு வீடு திரும்புகிறார்கள். பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்து, பேச்சு மொழிச் சிகிச்சையாளராகவும் இத்தகைய ஆய்வுகளில் சோதனை நடத்துபவராகவும் இதே வட்டாரத்தில் வேலை பார்த்து வரும் நான், அம்பாசமுத்திரம் முதல் நாங்குநேரி வரையிலான குடும்பங்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

அப்பாவுக்கு வாய் குழறுகிறது. நாக்கில்தானே கோளாறு? மூளையை ஏன் ஆராய வேண்டும்?

முதலில் அவசரமான செய்தி ஒன்று. பேச்சு திடீரென்று குழறினாலோ, வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, ஆய்வைப் பற்றியோ நாட்டு வைத்தியத்தைப் பற்றியோ யோசிக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருந்ததில் அந்த நேரத்தைத் தவறவிட்டவர்கள் ஏராளம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாக்கு, உதடு, தொண்டைத் தசைகள் தளர்ந்து சொல் தெளிவில்லாமல் வருவது ஒரு வகை. தசைகள் நன்றாக இருந்தும், சொல்ல வேண்டிய சொல் அகப்படாமல் போவதும், பிறர் சொல்வது விளங்காமல் போவதும் வேறொரு வகை; இதற்கு அஃபேசியா என்று பெயர். பாரிஸில் 1861-ஆம் ஆண்டு பால் புரோக்கா என்னும் மருத்துவர், "தான்" என்ற ஓரசையை மட்டுமே சொல்ல முடிந்த நோயாளி ஒருவரின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்து, இடப்பக்க முன்மூளையில் சிதைவைக் கண்டார். அந்த மனிதருக்குப் பிறர் பேசுவது பெருமளவு விளங்கியது என்பதுதான் முக்கியம். 1874-இல் கார்ல் வெர்னிக்கெ இதற்கு மறுதலையான நோயாளிகளை விவரித்தார்: தங்குதடையில்லாமல் பேசுவார்கள், ஆனால் பேச்சில் பொருள் நிற்காது, பிறர் சொல்வதும் பிடிபடாது. எங்கள் பக்கத்தில் முதல் வகையினரை "வாய் அடைச்சிட்டு" என்றும் இரண்டாம் வகையினரைக் "கோட்டி பிடிச்சிட்டு" என்றும் சொல்லிவிடுகிறார்கள். பக்கவாதம் வந்த மறுநாள் சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கியவரை மனநோயாளி என்று எண்ணி மந்திரிக்கக் கூட்டிப்போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு இருந்தது மொழியைப் பாதித்த பக்கவாதம்.

எங்கள் ஆச்சி பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. சோதனையில் தோற்றுப்போவார்களே?

இந்தக் கேள்வி நியாயமானது. இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

உலகெங்கும் புழங்கும் அறிவாற்றல் சோதனைகள் பல, பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவரை மனத்தில் வைத்து உருவானவை. 1975-இல் வந்த சுருக்கச் சோதனை ஒன்றில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டு வரச் சொல்வார்கள். மோகா என்னும் சோதனை தமிழிலும் இருக்கிறது. மொத்த மதிப்பெண் 30. அதில் கடிகாரம் வரைய வேண்டும், கனசதுரத்தைப் பார்த்து வரைய வேண்டும், எண்களையும் எழுத்துகளையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்க வேண்டும். பென்சிலையே பிடித்தறியாத கைக்கு இவை நினைவாற்றலைச் சோதிப்பவை அல்ல. 12 ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக் கொடுக்கிறார்கள். ஒரு நாளும் படிக்காதவருக்கு அந்த ஒரு மதிப்பெண் எந்த மூலைக்கு? அதனால்தான் எழுத்தறியாதவர்களுக்கென்று அதன் எளிய வடிவம் தனியாக உருவாக்கப்பட்டது. நீங்கள் சேரும் ஆய்வில் எந்த வடிவம் பயன்படுகிறது என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பெயர் சொல்லும் சோதனையிலும் இதே சிக்கல் உண்டு. பாஸ்டனில் உருவான, 60 படங்கள் கொண்ட புகழ்பெற்ற சோதனையில் பனிவீடு, பீவர் என்னும் நீர்விலங்கு, பிரெட்செல் என்னும் முறுக்குப் போன்ற ரொட்டி எல்லாம் வருகின்றன. களக்காட்டு ஆச்சிக்கு இவற்றின் பெயர் தெரியாமல் போவதை நோய் என்று யாரும் சொல்ல முடியாது. சுளகு, உலக்கை, நார்ப்பெட்டி, பனங்கிழங்கு, அரிவாள்மணை என்று அவர் கையில் எடுத்துப் புழங்கிய பொருள்களைக் காட்டிக் கேட்டால்தான், சொல் உண்மையிலேயே தொலைந்திருக்கிறதா என்பது தெரியவரும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே செய்த பிழை ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். சேரன்மாதேவிப் பக்கத்து ஆச்சி ஒருவரிடம் முறத்தின் படத்தைக் காட்டினேன். "சொளவு" என்றார். விடைத்தாளில் "முறம்" என்று மட்டும் இருந்ததால் தவறு என்று குறித்தேன். தாழ்ப்பாளைக் காட்டினேன், "கொண்டி" என்றார், அதற்கும் தவறு. என் வீட்டிலும் அம்மா புடைப்பது சுளகில்தான், நாங்கள் பூட்டுவதும் கொண்டியைத்தான். ஆனாலும் தாளில் இருந்ததை நம்பினேன், காதில் விழுந்ததை நம்பவில்லை. கடைசியில், இன்று என்ன தேதி என்று கேட்டேன். "கார் நடவு முடிஞ்சிட்டு, ஆடி பொறந்து மூணு நாளாச்சு" என்றார். அன்று ஜூலை 19. நாள்காட்டியைப் பார்க்காமலே நாளையும் பருவத்தையும் பிசகில்லாமல் சொன்ன அவருக்கு, காலம் பற்றிய உணர்வு குன்றியிருக்கிறது என்று நான் எழுதிய தாளை இரண்டு நாள் கழித்து மூத்த மருத்துவர் ஒருவர் பார்த்துத் திருத்தினார். அவர் பார்த்திராவிட்டால், அந்த ஆச்சி தம் ஊரில் "புத்தி பேதலிச்சவுக" ஆகியிருப்பார்.

கணக்குக்கும் இது பொருந்தும். நூறிலிருந்து ஏழைக் கழிக்கத் தடுமாறுகிற பீடி சுற்றும் பெண், ஆயிரம் பீடிக்கு இன்ன கூலி என்றால் ஆயிரத்து ஐந்நூறுக்கு எவ்வளவு என்பதைக் கண் இமைக்கும் நேரத்தில் சொல்லிவிடுகிறார். அவருக்கு எந்தக் கணக்கைக் கொடுப்பது என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே ஆய்வாளர் தீர்மானித்திருக்க வேண்டும்.

அப்படியானால் நெல்லைத் தமிழிலேயே பேசலாமா?

அப்படித்தான் பேச வேண்டும். மேடைத் தமிழில் பேசச் சொல்லும் ஆய்வு, நோயாளியின் மொழியை விட்டுவிட்டு அவருடைய பள்ளிப் படிப்பைத்தான் அளக்கும். பார்த்ததை விவரிக்கச் சொல்லும் சோதனைக்கு உலகெங்கும் பயன்படுகிற படம் ஒன்று உண்டு: குழாயடித் தொட்டி நிரம்பி வழிய ஒரு பெண் தட்டைத் துடைத்துக்கொண்டு நிற்பாள், பின்னால் ஒரு பையன் முக்காலியில் ஏறித் தின்பண்டம் திருடுவான். அந்தச் சமையலறை எங்கள் அடுக்களையைப் போல இருக்காது. அதே படத்தைக் கொடுத்தால் பலர் சற்று நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மௌனத்தைச் சொல் பஞ்சம் என்று எழுதிவிடக் கூடாது. அடிபம்பு, கோழி, காயப்போட்ட வற்றல், அதைக் கொத்த வரும் காக்கை என்று வரைந்த படத்தைக் கொடுத்துப் பாருங்கள். அதே ஆள் மூச்சுவிடாமல் கதை சொல்வார்.

மறதிக்கும் பேச்சுக்கும் என்ன தொடர்பு? வயசானால் பெயர் மறப்பது இயல்புதானே?

இயல்புதான். பேரனின் பெயர் நாக்கு நுனியில் நின்று, பத்து நிமிடம் கழித்து நினைவுக்கு வந்தால் கவலைப்பட ஏதுமில்லை. மறதி நோயில் ஒரு வகையான அல்சைமர் நோயில் மெல்ல மெல்லப் பெயர்ச்சொற்கள் உதிர்ந்து, "அது", "இது", "அந்தச் சாமான்" என்பவை அவற்றின் இடத்தைப் பிடிக்கின்றன. வாக்கியத்தின் கட்டுமானம் நெடுநாள் கெடாமலே நிற்கும். அதனால்தான் வெளியார் கவனிப்பதற்குள் காலம் கடந்துவிடுகிறது. வேறொரு அரிய வகையில் சொல்லின் பொருளே அழிந்துபோகும். "சுளகை எடுத்துட்டு வாங்க" என்றால் முதல் வகையினர் தேடுவார்கள், இந்த வகையினர் நின்று, "சுளகுன்னா என்ன?" என்று கேட்பார்கள். ஐம்பது ஆண்டுகள் சுளகு பிடித்த கை அப்படிக் கேட்பதை முதன்முறை கேட்கும் குடும்பத்தினர், வேண்டுமென்றே செய்கிறார் என்று கோபப்படுகிறார்கள். தயவுசெய்து கோபப்படாதீர்கள். எப்போது, எந்தச் சொல்லுக்கு அப்படிக் கேட்டார் என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். மருத்துவருக்கு அந்த நோட்டு மிகவும் உதவும்.

அமெரிக்காவில் 678 கன்னியாஸ்திரீகள் பங்கேற்ற நெடுங்கால ஆய்வில், அவர்களில் சிலர் இருபதுகளில் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். கருத்துச் செறிவு குறைவாக எழுதியவர்களிடம் முதுமையில் அல்சைமர் நோய் கூடுதலாகக் காணப்பட்டது என்று 1996-இல் வெளியிட்டார்கள். இதை வைத்து உங்கள் மகளின் கட்டுரை நோட்டைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. ஒரு கூட்டத்தாரிடம் தெரியும் போக்கு தனி ஒருவரின் தலையெழுத்து ஆகாது. மனச்சோர்வும், தைராய்டு குறைவும், பி-12 வைட்டமின் குறைவும்கூட மறதியைத் தரும், அவற்றுக்கு மருந்தும் உண்டு. ஆகவே ஒரே ஒரு மதிப்பெண்ணை வைத்து யாருக்கும் மறதி நோய் என்று பெயர் வைக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் தெலுங்கும் பேசுவோம். அது சோதனையைக் கெடுக்குமா?

கெடுக்காது, ஆனால் கட்டாயம் சொல்ல வேண்டும். சங்கரன்கோவில் பக்கத்துத் தெலுங்கு வீடுகளிலும், வீரவநல்லூர்ச் சௌராஷ்டிர வீடுகளிலும், செங்கோட்டையில் மலையாளம் கலந்த குடும்பங்களிலும் பலர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பக்கவாதத்துக்குப் பின் சிலருக்கு இரண்டு மொழிகளும் ஒன்றாகத் திரும்பும். சிலருக்கு ஒன்று முந்தும். முதலில் கற்ற மொழிதான் முந்தும் என்று ரிபோ என்னும் பிரெஞ்சு அறிஞரும், அதிகம் புழங்கிய மொழிதான் முந்தும் என்று பித்ரே என்னும் பிரெஞ்சு மருத்துவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வாதிட்டார்கள். எந்த ஒரு விதியும் எல்லாருக்கும் பொருந்தவில்லை.

இதில் இந்தியாவின் பங்கு பெரிது. ஐதராபாத்தில் நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடியும் அவருடைய குழுவினரும் மறதி நோயுள்ள 648 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட, ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தது; எழுத்தறியாதவர்களிடமும் இந்த வேறுபாடு தெரிந்தது. 2016-இல் பக்கவாதம் வந்த 608 பேரைப் பார்த்தபோது, அறிவாற்றல் குறையாமல் இருந்தவர்கள் இருமொழியாளரில் 40.5 விழுக்காடு, ஒருமொழியாளரில் 19.6 விழுக்காடு. ஆனால் அஃபேசியா வருவதில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. படிப்பு இல்லாத, ஆனால் இரண்டு மூன்று மொழிகளில் அன்றாடம் புழங்கும் மக்கள் நம் நாட்டில் நிறைய இருப்பதால்தான், படிப்பின் விளைவையும் மொழியின் விளைவையும் பிரித்துப் பார்க்க இங்கே முடிந்தது.

தம்பிக்கு மனச்சிதைவு நோய். அவன் பேச்சை ஏன் பதிவு செய்கிறார்கள்?

இந்த நோயில் எண்ணத்தின் கோவை குலைவது பேச்சில்தான் வெளிப்படுகிறது. கேட்டதற்கு நேராகப் பதில் வராமல் விலகிப் போவது, ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தடம் மாறுவது, தானே சொல் புனைவது, ஓரிரு சொல்லோடு பேச்சு வறண்டுபோவது என்று இவற்றை வகைப்படுத்தி அளக்கும் அளவுகோலை அமெரிக்க மனநல மருத்துவர் நான்சி ஆண்டிரியாசன் 1979-இல் வெளியிட்டார். இப்போது கணினி வழியாகவும் அளக்கிறார்கள். நோய் வரக்கூடும் என்று கருதப்பட்ட 34 இளைஞர்களின் பேச்சைக் கணினியால் ஆராய்ந்த 2015-ஆம் ஆண்டு ஆய்வில், பின்னால் நோய் முற்றிய ஐந்து பேரை அது சரியாகவே பிரித்துக் காட்டியது. வெறும் ஐந்து பேர் என்பதை மறக்கக் கூடாது. அது ஒரு தொடக்கம்தான்.

இங்கே தமிழுக்கென்று ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஆங்கிலத்துக்காக எழுதிய கருவி, வாக்கியத்தில் எழுவாய் விடுபட்டால் கோவை குறைந்ததாகக் கணக்கெடுக்கும். "நேத்து வந்தா, சாப்ட்டா, போய்ட்டா" என்பதில் எழுவாயே இல்லை. ஆனால் வந்தது ஒரு பெண் என்பது வினைமுற்றிலேயே இருக்கிறது, கேட்கும் யாருக்கும் குழப்பமில்லை. அதேபோல மனச்சோர்வு உள்ளவர்கள் "நான்" என்ற சொல்லை மிகுதியாகப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆங்கிலத்தில் நடந்த ஆய்வுகள் கூறுகின்றன. தமிழில் "நான்" என்று சொல்லாமலே "போனேன், அழுதேன், தூங்கலை" என்று முழு வாழ்க்கையையும் சொல்லிவிடலாம். "நான்" என்பதை மட்டும் எண்ணும் கருவி அந்தத் துயரத்தைக் காணாமலே கடந்து போய்விடும். வினையின் ஈற்றையும் எண்ணத் தெரிந்தவர்கள் அந்தக் கருவியைத் திருத்தி எழுதினால்தான் அது நமக்கு உதவும். நான் இதை வலியுறுத்துவதற்குக் காரணம், தவறாக எண்ணிய எண்ணும் அச்சில் வந்துவிட்டால் உண்மை போலவே தோன்றும் என்பதுதான்.

கொடையில் சாமி வந்து பேசுகிறவர்களையும் நோயாளி என்று சொல்வார்களா?

சொல்லக் கூடாது. சுடலைமாடன் கொடையில் அருள் வந்து குறி சொல்லும் சாமியாடியின் பேச்சு, ஊர் அறிந்த நேரத்தில், ஊர் அறிந்த முறையில் தொடங்கி முடிகிறது. மறுநாள் அவர் வயலுக்குப் போகிறார். வழிபாட்டு மரபில் ஏற்கப்பட்ட அருள்நிலையை நோயாகக் கொள்ளலாகாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடே சொல்கிறது. கொடையும் இல்லாமல், தன் விருப்பமும் இல்லாமல், தூக்கத்தையும் வேலையையும் கெடுத்துக்கொண்டு குரல்கள் கேட்டால் அது வேறு. அப்போது 14416 என்ற, அரசின் டெலி-மனாஸ் மனநல உதவி எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

பேசவே முடியாதவரிடம் எப்படி ஒப்புதல் வாங்குவார்கள்? நாங்கள் கையெழுத்துப் போட்டால் போதாதா?

போதாது. பேச முடியவில்லை என்பதால் முடிவெடுக்க முடியவில்லை என்று ஆகிவிடாது. அஃபேசியா உள்ளவருக்குப் படங்களைக் கொண்டும், குட்டி வாக்கியங்களாலும், ஒன்றையே இரண்டு முறை வெவ்வேறு விதமாகக் கேட்டும் விளக்க வேண்டும். சிலருக்கு "ஆமா"வும் "இல்ல"யும் இடம் மாறி வரும். வாய் "ஆமா" என்னும்போதே கை வேண்டாம் என்று விலக்கும். நான் கையைத்தான் நம்புவேன். கைநாட்டு வைப்பவர் என்றால், ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும்.

மனநோய் உள்ளவர்களைப் பொறுத்தவரை, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது: வெறும் நேர்காணலாக இருந்தாலும் அவருடைய சுதந்திரமான, அறிந்து தரும் ஒப்புதல் வேண்டும். மருந்தோ உளவியல் தலையீடோ உள்ள ஆய்வில், ஒப்புதல் தர இயலாத நிலையில் இருப்பவரைச் சேர்க்க மாநில மனநல ஆணையத்தின் அனுமதி வேண்டும். கொடுத்த ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே திரும்பப் பெறலாம். அதனால் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. நெறிமுறைக் குழு அனுமதித்த கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். புதிய சிகிச்சையைச் சோதிக்கும் ஆய்வாக இருந்தால், 2007-இல் தொடங்கிய இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் எண் இருக்கும். அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

குரல் பதிவு வெளியே போய்விடுமோ?

அச்சத்துக்குக் காரணம் உண்டு. பெயரை அழித்துவிட்டாலும் குரலை அழிக்க முடியாது. எங்கள் பக்கத்தில் நாலு வாக்கியம் பேசினால் ஊரும், பல நேரங்களில் சாதியும்கூடக் கேட்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. ஆகவே பதிவை யார் கேட்பார்கள், எங்கே வைப்பார்கள், எத்தனை ஆண்டு வைப்பார்கள், கேட்டால் அழிப்பார்களா என்பதற்கெல்லாம் எழுத்தில் பதில் இருக்க வேண்டும். சொந்தக் கைப்பேசியில் பதிவு செய்யும் ஆய்வாளரிடம் பேச மறுக்கலாம்.

எனக்கு ஒரு நோயும் இல்லை. என்னையும் ஏன் கூப்பிடுகிறார்கள்?

ஒப்பிட்டுப் பார்க்கத்தான். அதே வயது, அதே படிப்பு, அதே ஊர்ப்பேச்சு உள்ள நலமான ஒருவர் ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குப் பெயர் சொல்வார் என்பது தெரியாமல், நோயாளி சொன்ன எட்டு குறைவா நிறைவா என்று சொல்ல வழியில்லை. கணவனோ மனைவியோ வருவது சிறப்பு.

ஸ்கேன் எடுப்பார்களா? இடக்கைப் பழக்கம் பற்றி ஏன் கேட்கிறார்கள்?

சில ஆய்வுகளில் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை, சத்தம் மிகுதி. இதயத்தில் பேஸ்மேக்கரோ உடலில் உலோகமோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வலக்கைக்காரர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு மொழி இடப்பக்க மூளையில் இயங்குகிறது. இடக்கைக்காரர்களில் அது சுமார் 70 விழுக்காடு. பிறவியில் இடக்கைக்காரராக இருந்து, சோற்றையும் எழுத்தையும் அடித்து வலக்கைக்கு மாற்றப்பட்ட பெரியவர்கள் நம்மிடையே பலர். அதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

ஆய்வில் சேர்ந்தால் பேச்சு திரும்புமா?

அப்படி வாக்குக் கொடுப்பவரை நம்பாதீர்கள். பல ஆய்வுகள் அளப்பதோடு நின்றுவிடும். ஆனால் பேச்சுச் சிகிச்சை பயன் தருகிறது என்பதற்குச் சான்று வலுவானது: 57 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 3,002 பேரையும் தொகுத்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டு மதிப்பாய்வு, அன்றாடப் பேச்சு மேம்படுகிறது என்றே கண்டது. முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதற்காக ஆறு மாதம் தாண்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். 2017-இல் வெளிவந்த ஜெர்மன் ஆய்வில், நாள்பட்ட அஃபேசியா உள்ளவர்கள் மூன்று வாரம், வாரத்துக்குக் குறைந்தது பத்து மணி நேரம் பயிற்சி செய்து முன்னேறினார்கள். வாரம் பத்து மணி நேரத்துக்கு ஊரிலிருந்து பஸ் ஏறி வருவது எத்தனை பேரால் முடியும் என்பதுதான் எங்கள் பெருங்கவலை. அதனால் வீட்டாருக்குக் கற்றுக்கொடுத்து, வீட்டிலேயே செய்யும் பயிற்சிகளை நான் விரும்பிப் பரிந்துரைக்கிறேன். ஒரு சொல்லும் வராதவருக்கும் எண்ணிக்கையோ, கிழமைகளோ, தேவாரமோ, கோவிலில் பாடிப் பழகிய கீர்த்தனையோ தடையில்லாமல் வருவதுண்டு. அதைக் கேட்டு, பேச்சு முழுவதும் வந்துவிட்டது என்று மகிழ்ந்து ஏமாற வேண்டாம். அதை ஒதுக்கவும் வேண்டாம். அந்தச் சந்தத்தைப் பற்றிக்கொண்டு "தண்ணி தா" என்பதற்கு வந்து சேரப் பயிற்சி உண்டு.

சோதனை நாளன்று என்ன செய்ய வேண்டும்?

மாத்திரையை நிறுத்தாதீர்கள், பார்க்கின்சன் நோய்க்காரர் என்றால், மருந்து சாப்பிட்ட நேரத்தைக் குறித்து வாருங்கள். கண்ணாடியையும், காது மெஷினையும், பல்செட்டையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். காது கேளாததால் விடை சொல்லாதவரை நினைவில்லாதவர் என்று எழுதிய தாள்கள் உண்டு. காலையில் வெள்ளென வந்தால் களைப்பில்லாமல் பேசுவார். வீட்டில் அவரோடு யார் அதிகம் பேசுகிறார்களோ அவரே உடன் வரட்டும். மருமகளோ பேத்தியோ யாரானாலும் சரி. விடையை மட்டும் எடுத்துக்கொடுக்காமல், பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.